ஷேர் ஃபோல்டரில் டேட்டாபேஸ்: ஃபைல் பூட்டுச் சிக்கல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிறிய கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சர்வர், நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் வட்டுப் பெட்டி), பில் போடும் மெஷின் எல்லாம் பார்த்துக்கொடுப்பது என் வேலை. தேக்காவில் துணிக்கடை, ஊபியில் உதிரிபாகக் கிடங்கு, வீட்டில் மினி பிசி வைத்திருக்கும் நண்பர் என்று யார் கூப்பிட்டாலும் சில கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் ஃபைலும் அதைத் திறக்கிற புரோகிராமும் ஒரே மெஷினில் இருக்கட்டும். நெட்வொர்க் வழியாகப் போகவேண்டியது கேள்வியும் பதிலும்தான், ஃபைல் இல்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதற்கான காரணத்தைத்தான் சொல்கின்றன.

ஃபைல் பூட்டு என்றால் என்ன? அது எங்கே இருக்கிறது?

ஒரே ஃபைலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக, "இந்தப் பகுதி இப்போது என்னிடம்" என்று ஒரு புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் பதிந்து வைப்பதுதான் பூட்டு. அது ஃபைலுக்குள் எழுதப்படுவதில்லை. கர்னலின், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியின், நினைவில் இருக்கும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். புரோகிராம் முடிந்தாலோ மெஷின் அணைந்தாலோ அந்தக் குறிப்பும் போய்விடும்.

லினக்ஸில் இது பெரும்பாலும் ஆலோசனைப் பூட்டு. அதாவது, பூட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுகிறவரை மட்டுமே அது கட்டுப்படுத்தும். கேட்காமல் எழுதுகிறவரைத் தடுக்காது. விண்டோஸில் பூட்டு கட்டாயமானது, பூட்டிய பகுதியை இன்னொருவர் தொடவே முடியாது. இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே நாஸ் பெட்டி மொழிபெயர்ப்பாளராக நிற்கும்போது சிக்கல்கள் இன்னும் கூடுகின்றன.

மொத்த டேட்டாபேஸையும் ஒரே ஃபைலில் வைக்கும் எஸ்க்யூலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது பூட்டுப் போடும் இடம் ஃபைலின் தொடக்கத்திலிருந்து 1 ஜிபி தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு பைட், அடுத்து இன்னொரு பைட், அதன்பின் 510 பைட் கொண்ட ஒரு பகுதி. படிக்கிறவர்கள் எல்லோரும் அந்த 510 பைட் பகுதியில் படிப்புப் பூட்டு வாங்குகிறார்கள். எழுதுகிறவர் அதே பகுதிக்குத் தனிப்பூட்டு கேட்பார், படிக்கிறவர்கள் எல்லோரும் விலகிய பிறகுதான் அது கிடைக்கும். உங்கள் ஃபைல் 2 எம்பி மட்டும் இருந்தாலும் இந்த ஏற்பாடு வேலை செய்யும். இல்லாத பைட்டின் மேலும் பூட்டு வாங்கலாம் என்பதால் இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இது முழுக்க முழுக்க, கர்னல் பூட்டைப் பற்றி உண்மையைச் சொல்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

ஒரே கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. நாஸுக்கு மாற்றியதும் ஏன் தகராறு?

ஒரே மெஷினில் பூட்டுக் குறிப்பு ஒரே கர்னலிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனிக் கர்னல். பூட்டு வேண்டும் என்ற கேள்வி சர்வருக்குப் போய், பதில் திரும்பி வந்தால்தான் எல்லோருக்கும் ஒரே நிலவரம் தெரியும். வழியில் செய்தி தொலையலாம், ஃபயர்வால் மறிக்கலாம், சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம். சில அமைப்புகளில் கேள்வி சர்வருக்குப் போகவே போகாமல், உள்ளூர்க் கர்னலே "சரி, பூட்டு உனக்குத்தான்" என்று சொல்லிவிடும். ஆபத்து அதிகம் இந்தக் கடைசி வகையில்தான். பிழைச் செய்தி எதுவும் வராது, எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும்.

இதோடு கேஷும் சேர்ந்துகொள்கிறது. வேகத்துக்காகக் கிளையன்ட் மெஷின், சர்வரில் இருந்து வாங்கியதைத் தன்னிடம் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும். என்எஃப்எஸ் என்பது லினக்ஸ் மெஷின்கள் வழக்கமாக ஃபைல் பகிரும் முறை. லினக்ஸ் என்எஃப்எஸ் கிளையன்ட், ஒரு ஃபைலின் அளவு, மாற்றப்பட்ட நேரம் போன்ற விவரங்களை வழக்கமாகக் குறைந்தது 3 விநாடி, அதிகபட்சம் 60 விநாடி வரை கேட்காமலே நம்பும். வேர்ட் கோப்புக்கு இது பரவாயில்லை. டேட்டாபேஸுக்கு 3 விநாடி என்பது யுகம்.

பூட்டு வேலை செய்யவில்லை என்றால் உள்ளே என்னதான் நடக்கும்?

தீபாவளிக் கூட்ட நேரத்தில் சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கல்லா, இரண்டிலும் எஸ்க்யூலைட்டில் ஓடும் பில்லிங் புரோகிராம், ஃபைல் பின்னறையில் உள்ள நாஸில். பூட்டு சர்வருக்குப் போகவில்லை, இரண்டு மெஷினும் தன்னிடம்தான் பூட்டு இருக்கிறது என்று நினைக்கின்றன.

எஸ்க்யூலைட் ஃபைல் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டது, ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட். புதிய பில்லுக்கு இடம் போதவில்லை என்றால் காலியாக இருக்கும் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். முதல் கல்லா பார்க்கும்போது 812-ஆம் பக்கம் காலி. அதை விற்பனைப் பட்டியலுக்கு எடுத்துக்கொள்கிறது. அதே விநாடியில் இரண்டாவது கல்லா பார்க்கிறது. அதனிடம் இருப்பது பழைய நிலவரம், அதிலும் 812 காலி. அதைச் சரக்கு இருப்பின் இண்டெக்ஸுக்கு எடுத்துக்கொள்கிறது. இரண்டும் எழுதுகின்றன. கடைசியாக எழுதியது நிற்கும். விற்பனைப் பட்டியலின் மேல்பக்கம் "என் அடுத்த பில்கள் 812-இல் இருக்கின்றன" என்று சொல்லும். அங்கே போய்ப் பார்த்தால் சேலை இருப்பின் இண்டெக்ஸ் உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தப் பில்களைத் திரும்ப யாராவது படிக்கும்போதுதான் தெரியும். அது பெரும்பாலும் காலாண்டு முடிந்து பொருள், சேவை வரிக் கணக்குக்காக மூன்று மாத விற்பனையை மொத்தமாகக் கூட்டும்போது. படிவத்தைக் கொடுக்க காலாண்டு முடிந்து ஒரு மாதம்தான் அவகாசம். அப்போது "டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்" (ஃபைல் சிதைந்துவிட்டது) என்ற செய்தி வந்து நின்றால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. கணக்குப் பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் சொல்கிறது. அதற்குள் பேக்கப்களிலும் கெட்டுப்போன ஃபைலே வரிசையாக நிறைந்திருக்கும். இந்தச் சிக்கலை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். கெட்டது ஒரு நாள், தெரிவது வேறொரு நாள்.

"டேட்டாபேஸ் இஸ் லாக்ட்" என்று வந்தால் நெட்வொர்க் சிக்கல் என்று அர்த்தமா?

அப்படி இல்லை. உள்ளூர் வட்டிலும் இது வரும். யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார், நீங்களும் எழுத வந்துவிட்டீர்கள், எஸ்க்யூலைட் காத்திருக்காமல் உடனே மறுத்துவிட்டது. பிஸி டைம்அவுட் என்ற அமைப்பை 5000 மில்லி விநாடி என்று வைத்துப் பாருங்கள். எழுதும் டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் பணம் எடுக்கும்வரை காத்திருக்கும் புரோகிராம்களையும் திருத்தச் சொல்லுங்கள். உண்மையில் இந்தச் செய்தி நல்ல அறிகுறி. பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். நாஸில் இரண்டு கல்லாவும் ஓயாமல் பில் போட்டும் இந்தச் செய்தி ஒருதடவைகூட வந்ததில்லை என்றால், அப்போதுதான் சோதித்துப் பார்க்கவேண்டும்.

எங்கள் நாஸில் பூட்டு வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

உண்மையான ஃபைலில் செய்யாதீர்கள், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலை அதே ஷேரில் வையுங்கள். இரண்டு மெஷின்களிலும் எஸ்க்யூலைட்டின் கட்டளைத் திரையில் அந்த நகலைத் திறங்கள். முதல் மெஷினில் "பிகின் எக்ஸ்க்ளூசிவ்" கட்டளையைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவது மெஷினில் ஏதாவது ஒரு வரி எழுதிப் பாருங்கள். "லாக்ட்" என்று மறுத்தால் பூட்டு சர்வர்வரை போய் வருகிறது. மறுக்காமல் எழுதிவிட்டால் உங்கள் ஷேரில் பூட்டு வெறும் பெயருக்குத்தான் இருக்கிறது, அன்றே ஃபைலை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

சோதனையில் தேறினாலும் முழு உத்தரவாதம் இல்லை. நெட்வொர்க் நன்றாக இருக்கும் ஒரு நிமிடத்தில் பூட்டு சரியாக இருந்தது என்பதை மட்டுமே அது காட்டும்.

என்எஃப்எஸ் 3, என்எஃப்எஸ் 4: பூட்டு விஷயத்தில் என்ன வித்தியாசம்?

நிறைய. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்த என்எஃப்எஸ், சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்ற கொள்கையில் பிறந்தது. யார் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது சர்வருக்குத் தெரியாது. அதனால் சர்வர் விழுந்து எழுந்தாலும் கிளையன்ட்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் பூட்டு என்பதே நினைவில் வைக்கவேண்டிய விஷயம் ஆயிற்றே. அதனால் 1995-இல் வெளியான 3-ஆம் பதிப்புவரை பூட்டுக்கென்று தனி நெறிமுறை, தனி சேவை. மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் மற்றவர்களுக்குச் சொல்ல இன்னொரு சேவை. இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் போர்ட். ஃபயர்வாலில் 2049, 111, ஷேரை இணைக்கும் சேவையின் போர்ட் ஆகியவற்றை மட்டும் திறந்துவிட்டு, பூட்டுச் சேவைகளின் போர்ட்களை மறந்துவிட்டால் ஃபைல் திறக்கும், படிக்கும், எழுதும், பூட்டு மட்டும் கிடைக்காது. "நோ லாக்ஸ் அவெய்லபிள்" என்று வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

4-ஆம் பதிப்பில் பூட்டு நெறிமுறைக்குள்ளேயே வந்துவிட்டது, 2049 ஒன்று போதும். பூட்டு இப்போது குத்தகை மாதிரி. கிளையன்ட் அவ்வப்போது "நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். லினக்ஸ் சர்வரில் வழக்கமான கெடு 90 விநாடி. அதற்குமேல் பேச்சு மூச்சு இல்லை என்றால் பூட்டை இன்னொருவருக்குக் கொடுக்கச் சர்வருக்கு உரிமை உண்டு. கல்லா மெஷினின் கேபிள் இரண்டு நிமிடம் கழன்று மாட்டப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் பூட்டு போயிருக்கும். அந்த நிலையைச் சரியாகக் கையாளாத புரோகிராம் பாதியில் நின்ற எழுத்தோடு மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும், பழைய பூட்டுக்காரர்கள் தங்கள் பூட்டைத் திரும்பக் கேட்பதற்காக ஒரு சலுகை நேரம் உண்டு. அதுவும் வழக்கமாக 90 விநாடி. அந்த நேரத்தில் புதிய பூட்டு யாருக்கும் கிடைக்காது. டேட்டாபேஸ் அப்படியே நிற்பது போலத் தெரியும். பதறிப்போய் மறுபடி ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மணி பார்த்துக் காத்திருங்கள்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை என்றால் சந்தேகமே இல்லாமல் 4.

மவுன்ட் செய்யும்போது (ஷேரை மெஷினோடு இணைக்கும்போது) "நோலாக்" போட்டதும் பிழை போய்விட்டது. அப்படியே விடலாமா?

வேண்டாம். பிழை போகவில்லை, பிழையைச் சொல்கிற வாய் அடைக்கப்பட்டிருக்கிறது. 3-ஆம் பதிப்பில் அந்த அமைப்பைப் போட்டால் பூட்டுகள் உள்ளூர் மெஷினுக்குள்ளேயே நின்றுவிடும். ஒரே ஒரு மெஷின்தான் அந்த ஃபைலைத் தொடும், இன்றைக்கும் நாளைக்கும் அப்படித்தான் என்று எழுதிக்கொடுக்க முடிந்தால் மட்டுமே பாதுகாப்பு. எஸ்எம்பி (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் பகிர்வு முறை) ஷேரை லினக்ஸில் மவுன்ட் செய்யும்போது "நோபிஆர்எல்" போடுங்கள் என்று கிளவுட் பயனாளர்களுக்கு ஆலோசனை சொல்லப்படுகிறது. அதுவும் இதே கதைதான். பைட் பகுதிப் பூட்டுகள் சர்வருக்கு அனுப்பப்படாது. இரண்டாவது கன்டெய்னர் (தனி மெஷின் போலப் பிரித்து ஓட்டப்படும் புரோகிராம்) எழும்பும் நாளில் கல்லாக் கதை மறுபடி நடக்கும்.

எஸ்க்யூலைட்டில் டபிள்யூஏஎல் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

நெட்வொர்க் ஷேரில் இது நிலைமையை மோசமாக்கும். 2010-இல் 3.7.0 பதிப்பில் வந்த இந்த முறை (மாற்றங்களை முதலில் ஒரு தனிப் பதிவு ஃபைலில் எழுதுவது), உள்ளூர் வட்டில் அருமையானது. படிக்கிறவர்களும் எழுதுகிறவரும் ஒருவரையொருவர் மறிப்பதில்லை. ஆனால் அதற்காக எல்லாப் புரோகிராம்களும் ஒரு சிறிய பகுதியை நினைவகத்தில் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு தனி மெஷின்களுக்கு நடுவே பங்குபோட நினைவகம் ஏது? எஸ்க்யூலைட் ஆவணமே இந்த முறை நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் வேலை செய்யாது என்று நேரடியாகச் சொல்கிறது. உங்கள் புரோகிராம் தானாகவே இந்த முறைக்கு மாறியிருக்கலாம். ஃபைலுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் முடிவில் "-வால்", "-எஸ்எச்எம்" என்று வரும் இரண்டு துணை ஃபைல்கள் தெரிந்தால் அதுதான்.

எல்எம்டிபி என்ற இன்னொரு சிறிய டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தொலைவில் உள்ள ஃபைல் சிஸ்டத்தில் வைக்கவே வேண்டாம் என்று அதன் ஆவணம் சொல்கிறது.

எங்களுடையது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ். பத்துப் பேர் ஷேர் ஃபோல்டரில் திறக்கிறோம், பல வருடமாக ஓடுகிறது.

ஆக்சஸ் இப்படிப் பகிர்ந்து பயன்படுத்துவதற்காகவே உருவானது, அதை மறுக்கமாட்டேன். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதைப் பக்கத்திலேயே ஒரு பூட்டு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். எழுத்தில் 255 பேர்வரை இடம் உண்டு, ஃபைல் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் அதற்கெல்லாம் வெகு முன்பே சிரமம் தொடங்கிவிடும்.

எஸ்எம்பியில் ஒரு தனி விஷயம் இருக்கிறது. ஃபைலை ஒருவர் மட்டும் திறந்திருக்கும்போது, "நீயே உன் பக்கம் கேஷ் செய்துகொள், வேறு யாராவது வந்தால் சொல்கிறேன்" என்று சர்வர் கிளையன்டுக்கு அனுமதி கொடுக்கும். இதற்கு ஆப்லாக் என்று பெயர், பிந்தைய பதிப்புகளில் லீஸ். இரண்டாவது ஆள் திறந்ததும் சர்வர் முதல் ஆளிடம் கேஷில் உள்ளதைக் கொடுத்துவிடச் சொல்லும். முதல் ஆள் வைஃபையில் இருக்கும் மடிக்கணினி, மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் என்றால்? பதில் வராது, நிலவரம் குழம்பும். ஆகவே, ஆக்சஸ் ஃபைலைத் திறக்கும் மெஷின்கள் கண்டிப்பாகக் கேபிளில் இருக்கட்டும். நாஸ் சாம்பாவில் (லினக்ஸில் எஸ்எம்பி ஷேர் தரும் புரோகிராம்) ஓடுகிறது என்றால், அந்த வகை ஃபைல்களுக்கு மட்டும் ஆப்லாக் வேண்டாம் என்று அமைக்க முடியும். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும். படிவங்கள் உள்ள பகுதியை ஒவ்வொரு மெஷினிலும், டேபிள்கள் உள்ள பகுதியை மட்டும் ஷேரிலும் பிரித்து வையுங்கள்.

நீண்ட நாளைக்கு என்றால் டேபிள்களை எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றுவதுதான் வழி. அது இலவசம், ஆக்சஸ் படிவங்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

மைஎஸ்க்யூஎல் எழும்ப மறுக்கிறது. "அன்ஏபிள் டு லாக் ஐபிடேட்டா1, எரர் 11" என்கிறது. என்ன செய்வது?

மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, தன் டேட்டா ஃபைலில் ஒரு பூட்டுப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அந்தப் பூட்டு ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது என்பதுதான் எரர் 11.

முதலில், இன்னொரு மைஎஸ்க்யூஎல் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த மெஷினில் மட்டுமல்ல, அந்த ஷேரை மவுன்ட் செய்யக்கூடிய எல்லா மெஷின்களிலும், எல்லாக் கன்டெய்னர்களிலும். பெரும்பாலான சமயம் எங்கோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அதை ஒழுங்காக நிறுத்தினால் முடிந்தது.

எங்கும் ஓடவில்லை என்று உறுதியானால் அது அநாதைப் பூட்டு. என்எஃப்எஸ் 3-இல் இது சாதாரணமாக நடக்கும். பூட்டு வைத்திருந்த மெஷின் திடீரென்று போய், வேறு பெயரிலோ வேறு முகவரியிலோ திரும்பி வந்தால், பழைய ஆள் இறந்துவிட்டார் என்ற செய்தி சர்வருக்குப் போகாது. சர்வர் பூட்டைக் கட்டிக் காத்துக்கொண்டே இருக்கும். அப்போது ஸ்டோரேஜ் பக்கத்தில்தான் அந்தப் பூட்டை விடுவிக்கவேண்டும். ஸ்டோரேஜ் நிர்வாகியிடம் கிளையன்டின் பெயரையும் ஃபைலின் பெயரையும் கொடுத்துக் கேளுங்கள்.

அந்த ஃபைலை வேறு பெயருக்கு மாற்றி, பழைய பெயரிலேயே நகல் எடுத்தால் எழும்பிவிடும் என்று ஒரு குறுக்குவழி சுற்றிக்கொண்டிருக்கிறது. எழும்பும்தான். நகல் என்பது புதிய ஃபைல், அதன் மேல் பூட்டு எதுவும் இல்லை. ஆனால் முதல் படியைச் சரியாகப் பார்க்காமல் இதைச் செய்தால், உயிரோடு இருக்கும் இரண்டு மைஎஸ்க்யூஎல்கள் ஒரே டேபிள்களில் எழுதத் தொடங்கும். உங்களைக் காப்பாற்ற இருந்த ஒரே தடுப்பை நீங்களே எடுத்துவிட்டீர்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

போஸ்ட்கிரெஸில் இந்தப் பூட்டுப் பிழையே வருவதில்லை. அப்படியென்றால் பாதுகாப்பானதா?

வராததற்குக் காரணம், அது டேட்டா ஃபைல்களில் இந்த மாதிரிப் பூட்டே போடுவதில்லை. டேட்டா ஃபோல்டரில் தன் பிராசஸ் எண்ணை ஒரு சிறிய ஃபைலில் எழுதி வைக்கும். அடுத்து எழும்பும்போது அந்த எண்ணில் யாராவது ஓடுகிறார்களா, பழைய பகிர்வு நினைவகம் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கும். ஒரே மெஷினில் இது உறுதியான காவல். ஆனால் இரண்டு மெஷின்கள் ஒரே என்எஃப்எஸ் ஃபோல்டரைப் பார்த்தால், இரண்டாவது மெஷினில் அந்த எண்ணில் யாரும் இருக்கமாட்டார்கள். "பழைய ஃபைல்தான்" என்று முடிவுசெய்து தானும் எழும்பிவிடும். அதன்பிறகு மிஞ்சுவது பேக்கப் மட்டுமே.

குபர்னெட்டீஸ் (பல மெஷின்களில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள், அதில் ஓடும் ஒரு அலகுக்குப் பாட் என்று பெயர்) பயன்படுத்துகிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும். சாதாரண டிப்ளாய்மென்டில் புதிய பாட் எழும்பிய பிறகுதான் பழையது அணையும். பல மெஷின்கள் எழுதக்கூடிய வால்யூமில் டேட்டாபேஸ் இருந்தால், ஒவ்வொரு அப்டேட்டின்போதும் சில விநாடிகள் இரண்டு பேர் உள்ளே இருப்பார்கள். "ரீட்ரைட்ஒன்ஸ்" போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது ஒரு மெஷின் என்ற கணக்கு, ஒரு பாட் என்ற கணக்கு இல்லை. ஒரே மெஷினில் இரண்டு பாட் அதைத் திறக்கலாம். "ரீட்ரைட்ஒன்ஸ்பாட்" என்று தனியாக ஒன்று இருக்கிறது, 1.29 பதிப்பில் முழுமை பெற்றது, அதைப் பயன்படுத்துங்கள். அப்டேட் முறையையும் "ரீக்ரியேட்" என்று மாற்றுங்கள், அல்லது ஸ்டேட்ஃபுல்செட்டுக்குப் போய்விடுங்கள்.

பெரிய நிறுவனங்கள் ஆரக்கிளை என்எஃப்எஸ்ஸில்தானே ஓட்டுகின்றன?

ஆமாம், நன்றாகவே ஓட்டுகின்றன. 2007-இல் வந்த 11ஜி பதிப்பிலிருந்து ஆரக்கிளுக்குள்ளேயே சொந்த என்எஃப்எஸ் கிளையன்ட் இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரும் எஸ்எம்பி ஷேரில் டேட்டா வைக்க இடம் கொடுக்கிறது. போஸ்ட்கிரெஸும் என்எஃப்எஸ்ஸை மறுப்பதில்லை.

வித்தியாசம் ஃபைலை யார் திறக்கிறார் என்பதில் இருக்கிறது. அங்கே டேட்டா ஃபைலைத் தொடுவது டேட்டாபேஸ் சர்வர்தான். கிளையன்ட் மெஷின்கள் எல்லாம் அதனிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகின்றன. யார் முதலில், யார் அடுத்து என்ற சண்டையை அது தனக்குள்ளேயே தீர்த்துக்கொள்கிறது, நெட்வொர்க்கில் உள்ள ஃபைல் பூட்டை நம்பி இல்லை. அதோடு அங்கே இருக்கும் ஸ்டோரேஜ் டேட்டாபேஸுக்கென்றே சோதிக்கப்பட்டது. ஆயிரம் வெள்ளி நாஸையும் அதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கமுடியாது.

அப்படி என்எஃப்எஸ்ஸில்தான் வைக்கவேண்டும் என்றால் எதைக் கவனிப்பது?

"ஹார்ட்" மவுன்ட். இதில் சமரசமே கூடாது. "சாஃப்ட்" என்றால் சர்வர் கொஞ்ச நேரம் பதில் சொல்லாவிட்டால் கிளையன்ட் கைவிட்டுவிட்டு, எழுத்து தோல்வி என்று டேட்டாபேஸிடம் சொல்லிவிடும். எந்தப் பக்கம் எழுதப்பட்டது, எது இல்லை என்று யாருக்கும் தெரியாது. ஹார்ட் என்றால் சர்வர் வரும்வரை அப்படியே தொங்கும். பார்க்க எரிச்சலாக இருக்கும், ஆனால் டேட்டா பிழைக்கும். போஸ்ட்கிரெஸ் ஆவணம் கண்டிப்பாகக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

சர்வர் பக்கம் எக்ஸ்போர்ட் "சிங்க்" என்று இருக்கட்டும். "அசிங்க்" வேகமாக இருக்கும். ஏனென்றால் வட்டில் எழுதுவதற்கு முன்பே எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடும். மின்சாரம் போனால் கமிட் ஆன பில்கள் காணாமல் போகும். நாஸுக்கு ஒரு யூபிஎஸ் வாங்குங்கள்.

ஐஸ்கசி போட்டால்?

நல்ல யோசனை. அது ஃபைலைப் பகிர்வதில்லை, வட்டையே கொடுக்கிறது. உங்கள் மெஷினின் கர்னல் அதை உள்ளூர் வட்டாகவே பார்க்கும், பூட்டும் உள்ளூர்ப் பூட்டுதான். ஆனால் ஒரே வட்டை இரண்டு மெஷின்களில் ஒரே நேரத்தில் மவுன்ட் செய்தால் டேட்டாபேஸ் மட்டுமல்ல, மொத்த ஃபைல் சிஸ்டமும் சிதைந்துவிடும்.

ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் வைக்கலாமா?

கூடாது. அங்கே பூட்டு என்ற பேச்சே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலையும் அதன் ஜர்னலையும் (எழுத்து பாதியில் நின்றால் மீட்க உதவும் துணை ஃபைல்) வேறுவேறு நேரத்தில் தனித்தனியாக ஏற்றிவிடும்.

சென்னைக் கிளையிலிருந்து விபிஎன் வழியாக சிங்கப்பூர் ஷேரைத் திறக்கலாமா?

பூட்டு சரியாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு பூட்டுக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தடவை வங்காள விரிகுடாவைக் கடந்து போய் வரவேண்டும். ஒரு பில் திறக்க நூறு பக்கம் படிக்கிற புரோகிராம் நூறு தடவை போய்வரும். இதில் எழுதும் நேரம் முழுக்கப் பூட்டும் பிடிபட்டிருக்கும், இங்கே கல்லாவில் வரிசை நிற்கும். விபிஎன் ஒருமுறை அறுந்தால் மேலே சொன்ன அநாதைப் பூட்டு. டேட்டாபேஸ் சர்வர் ஒன்றை இங்கே வைத்து, சென்னையிலிருந்து கேள்வி மட்டும் வரட்டும். நூறு பக்கம் படிக்கிற வேலை இங்கேயே முடிந்து, ஒரு பதில் மட்டும் கடலைத் தாண்டும்.

வீட்டில் மினி பிசியில் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுச் சாதனங்களை இயக்குவது), ஜெல்லிஃபின் (படம், பாட்டு போடுவது) ஓட்டுகிறேன். எல்லாம் நாஸில்தான். அடிக்கடி தொங்குகிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் இப்படி ஒரு அமைப்பு வைத்திருக்கும் நண்பர்கள் நிறைய. படங்களும் பாட்டுகளும் நாஸில் இருக்கட்டும், அவை பெரும்பாலும் படிக்க மட்டுமே. அமைப்பு ஃபோல்டரை மட்டும் மினி பிசியின் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், அதற்குள்தான் எஸ்க்யூலைட் ஃபைல் இருக்கிறது. அநேகமாக அதோடு சரியாகிவிடும்.

பேக்கப்பை நாஸில் வைக்கலாமா? ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை அப்படியே காப்பி செய்தால் போதுமா?

நாஸ் அதற்குத்தான், தாராளமாக வையுங்கள். ஆனால் ஓடும் ஃபைலைச் சும்மா காப்பி செய்தால் பாதி பழையது, பாதி புதியது என்று வரும். எஸ்க்யூலைட்டில் "பேக்கப்" கட்டளை இருக்கிறது, 2019-இல் 3.27.0 பதிப்பிலிருந்து "வேக்யூம் இன்டு" இருக்கிறது. இவை ஒழுங்கான முழு நகலைத் தரும். உள்ளூர் வட்டில் எடுத்து, பிறகு நாஸுக்கு நகர்த்துங்கள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்றால் அவற்றின் டம்ப் கருவிகள். நகல் எடுத்ததும் அதன் மேல் "இன்டெக்ரிட்டி செக்" ஓட்டிப் பார்த்துவிட்டே பழையதை அழியுங்கள்.

ஃபைல் ஏற்கெனவே கெட்டுவிட்டது. இப்போது?

எல்லா மெஷின்களிலும் புரோகிராமை மூடுங்கள். ஒருவர்கூட உள்ளே இருக்கக் கூடாது. டேட்டாபேஸ் ஃபைலையும் பக்கத்தில் அதே பெயரில் உள்ள ஜர்னல், துணை ஃபைல்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு உள்ளூர் வட்டுக்கு நகல் எடுங்கள். ஜர்னல் ஃபைலைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பாதியில் நின்ற எழுத்தைத் திரும்ப எடுக்கத் தேவையான பழைய பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன. அதை அழித்தால் பிழைக்க இருந்த ஃபைலும் போய்விடும்.

நகலின் மேல் மட்டும் வேலை செய்யுங்கள். "இன்டெக்ரிட்டி செக்" என்ன சொல்கிறது என்று பாருங்கள். இண்டெக்ஸ் மட்டும் கெட்டிருந்தால் அதிர்ஷ்டம், "ரீஇண்டெக்ஸ்" போதும். டேபிள் கெட்டிருந்தால் எஸ்க்யூலைட் கட்டளைத் திரையில் "ரிகவர்" என்று ஒரு வசதி உண்டு. படிக்க முடிந்ததை எல்லாம் தோண்டி எடுத்துப் புதிய ஃபைலுக்கு எழுதும். ஆக்சஸ் என்றால் "காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்", அதுவும் நகலில்தான். வந்ததை அச்சிட்ட பில்களோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பில் எண் வரிசையில் எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்ப்பதுதான் வேகமான வழி.

புரோகிராம் விற்றவர், ஷேர் ஃபோல்டரில்தான் ஓடும் என்கிறார். வேறு வழி இல்லையா?

முதலில் சர்வர் பதிப்பு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பல விற்பனையாளர்களிடம் இருக்கும், கேட்காதவரை சொல்லமாட்டார்கள். இல்லை என்றால், புரோகிராமையும் ஃபைலையும் ஒரே விண்டோஸ் சர்வரில் போட்டுவிட்டு, கல்லா மெஷின்களை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் உட்கார வையுங்கள். அப்போது எல்லாக் கல்லாவும் ஒரே கர்னலிடம் பூட்டுக் கேட்கும், நெட்வொர்க்கில் திரையும் விசைப்பலகையும் மட்டும் போகும். சாதாரண விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரமுடியும் என்பதால் விண்டோஸ் சர்வரும், ஆளுக்கு அல்லது மெஷினுக்கு ஒன்று என்று ரிமோட் டெஸ்க்டாப் உரிமமும் வாங்கவேண்டும். பில் பிரின்டர் ஒவ்வொரு கல்லாவிலும் அந்தத் திரை வழியாக ஒழுங்காக அச்சடிக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.